சாசனத்தைப் படித்த வக்கீல்

பேராவூரணி ரயில் நிலையத்தில் காத்திருப்பவர்களிடம் இந்தத் தண்டவாளத்தை முதலில் போட்டது யார் என்று கேட்டுப் பாருங்கள். 'வெள்ளைக்காரன்' என்பார்கள். வண்டி ஓட்டியது தென்னிந்திய ரயில்வே கம்பெனிதான். ஆனால் பாதை போடக் காசு கொடுத்தது தஞ்சாவூர் ஜில்லா போர்டு. நிலவரி கட்டுகிறவர்களிடம் ரயிலுக்கென்று தனியாக ஒரு வரி வசூலித்து, 1894-இல் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரைக்கும், 1902-இல் பட்டுக்கோட்டை வரைக்கும், 1903 கடைசியில் எங்கள் ஊர் வழியாக அறந்தாங்கி வரைக்கும் போர்டு பாதை போட்டது. எங்கள் ஊருக்கு ரயில் வந்தது குடியானவன் கொடுத்த காசில்.

என் பாட்டி கடைசிவரை 'போர்டு ரோடு', 'போர்டு ஸ்கூல்', 'போர்டு ஆஸ்பத்திரி' என்றுதான் சொல்வார். போர்டு கலைந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் அந்தச் சொல் அவர் வாயை விட்டுப் போகவில்லை. அவரைப் பொறுத்தவரை சர்க்கார் என்பது எங்கோ மெட்ராஸில் இருப்பது. ரோடு போடுவதும் வாத்தியார் போடுவதும் தஞ்சாவூரில் இருக்கிற போர்டு.

அந்தப் போர்டுக்கு 1924 முதல் 1930 வரை தலைவராக இருந்தவர் சர் ஏ.டி. பன்னீர்செல்வம். பாரிஸ்டர். நீதிக்கட்சிக்காரர். சென்னை மாகாணத்தில் அமைச்சர் பதவி வரை போனவர். ஐம்பத்தொரு வயதில் ஒரு விமானத்தோடு கடலில் மறைந்துபோனவர்.

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு பாகப்பிரிவினை வழக்கு விஷயமாகப் பட்டுக்கோட்டை கோர்ட்டு வளாகத்தில் காத்துக்கிடந்தேன். பக்கத்தில் ஒரு இளம் வழக்கறிஞர். நல்ல பையன். பேச்சு அரசியலுக்குப் போனது. "ஏ.டி. பன்னீர்செல்வத்தைத் தெரியுமா தம்பி?" என்றேன். "எந்த ஊர் அட்வகேட் சார்?" என்றார். எனக்கு அவர் மேல் வருத்தமில்லை. அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஈரோட்டில் பன்னீர்செல்வம் பூங்கா என்று ஒன்று இருக்கிறது, நகரத்தின் நட்டநடுவில். அவர் பிறந்து வளர்ந்து ஆண்ட இந்தக் காவிரி மாவட்டங்களில் அந்தப் பெயரைச் சொன்னால் ஊர் பேர் விசாரிக்கிறார்கள். அதுதான் வருத்தம்.

திருவாரூர் பக்கம் பெரும்பண்ணையூரை ஒட்டிய செல்வபுரத்தில் 1888 ஜூன் 1-ஆம் தேதி பிறந்தவர். பெரிய நிலக்கிழார் குடும்பம், ரோமன் கத்தோலிக்கர்கள். சீமைக்குப் போய்ச் சட்டம் படித்து, பாரிஸ்டராகத் திரும்பி, தஞ்சாவூரில் தொழிலைத் தொடங்கினார். வாதாடித்தான் சாப்பிட வேண்டும் என்ற நிலை இல்லை. அந்தக் காலத்தில் அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர் கறுப்பு அங்கியை ஒரு அலங்காரமாக மாட்டிக்கொண்டு, ராவ் பகதூர் பட்டத்துக்குக் காத்திருந்து காலத்தை ஓட்டினார்கள். இவர் தஞ்சை நகராட்சித் தலைவரானார். பிறகு ஜில்லா போர்டுக்குப் போனார். கோர்ட்டில் கற்றதைப் போர்டில் பயன்படுத்தினார் என்பதுதான் அவர் வாழ்க்கையில் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் வட்டமேசை மாநாட்டையும் விமான விபத்தையும் சொல்லிவிட்டு முடித்துவிடுகிறார்கள். நான் சத்திரங்களில் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பேராவூரணியிலிருந்து தஞ்சாவூர் போகிறவர்களுக்கு ஒரத்தநாடு வழியில் வரும். அங்கே முக்தாம்பாள் சத்திரம் இருக்கிறது. 1802-இல் இரண்டாம் சரபோஜி மன்னர், தன் மனதுக்கு உகந்த முக்தாம்பாள் நினைவாகக் கட்டியது. ஒருமுறையாவது இறங்கிப் பாருங்கள். கட்டடத்தின் அடிப்பாகத்தில் யானையும் குதிரையும் இழுத்துக்கொண்டு நிற்கும், சத்திரமே ஒரு தேர் என்பதுபோல. குதிரையின் கழுத்துக்கு மேல் சுண்ணாம்பு உதிர்ந்து செங்கல் தெரிகிறது. அந்தக் காலத்தில் ராமேசுவரம் போகிற பாதை நெடுக இப்படிச் சத்திரங்கள் இருந்தன. ராஜாமடத்தில் ஒன்று, மீமிசலில் ஒன்று என்று கடற்கரை வரை நீளும் வரிசை. காசியிலிருந்து வருகிறவனும் அதில் தங்கினான், கால் வீங்கிய ஏழை வழிப்போக்கனும் தங்கினான்.

இந்தச் சத்திரங்களைக் காப்பாற்றச் சொல்லி 1801-இல் சரபோஜி ஆங்கிலேய ரெசிடென்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். ராஜ்ஜியம் கைவிட்டுப் போன நிலையிலும் சத்திரங்கள் நின்றுவிடக் கூடாது என்று மன்றாடும் கடிதம் அது. எல்லாச் சாதி வழிப்போக்கர்களுக்கும் சோறு போடுகிறோம், நோயாளிக்கு வைத்தியர் வைத்திருக்கிறோம், அநாதைப் பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லிக்கொடுக்கிறோம், வழியில் பிரசவ வலி கண்ட பெண்ணைப் பார்த்துக்கொள்கிறோம் என்றெல்லாம் அதில் விவரிக்கிறார். ராஜா எழுதியதில் கொஞ்சம் பெருமையும் கலந்திருக்கலாம். ஆனால் எதற்காகச் சத்திரம் என்பது அதில் தெளிவாக இருக்கிறது.

மன்னராட்சி முடிந்தது. சத்திரங்களும் அவற்றுக்கு எழுதிவைத்த நிலங்களும் காலப்போக்கில் ஜில்லா போர்டு நிர்வாகத்துக்கு வந்தன. அதற்குள் எல்லோருக்கும் என்று வைத்த சோறு சுருங்கிக்கொண்டே வந்திருந்தது. சத்திர வருமானத்தில் நடந்த திருவையாற்றுக் கல்லூரி வடமொழிக்கு மட்டும். விடுதிச் சோறு ஒரு சாதிப் பிள்ளைகளுக்கு மட்டும். யாரும் கேட்கவில்லை. 'வழக்கம்' என்றார்கள். நம் ஊரில் வழக்கம் என்று ஒன்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

பன்னீர்செல்வம் போர்டுத் தலைவரானபோது அவருக்குத் துணையாகத் தஞ்சையில் இன்னொரு வக்கீல் இருந்தார். கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் தலைவர் தமிழவேள் உமாமகேசுவரனார். தாலுகா போர்டுத் தலைவராகவும் இருந்தவர். இருவரும் செய்ததைக் கரந்தைச் சங்கத்தாரும் திராவிட இயக்கத்தாரும் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். திருவையாற்றுக் கல்லூரிக்கான மூல சாசனத்தைத் தேடி எடுத்துப் படித்தார்கள். தர்மம் கல்விக்கு என்று இருந்ததே தவிர, வடமொழிக்கு மட்டும் என்று இல்லை. அப்புறம் என்ன? கல்லூரியில் தமிழும் நுழைந்தது. வடமொழிக் கல்லூரி அரசர் கல்லூரி ஆனது. தமிழ் வித்துவான் படிப்புக்கு ஏழைப் பிள்ளைகள் அங்கே வந்து சேர்ந்தார்கள். ஒரத்தநாட்டிலும் ராஜாமடத்திலும் சத்திரத்து வருமானத்தில் மாணவர் விடுதிகள் எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்தன.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கத் தோன்றுகிறது. புதிய சட்டம் எதுவும் போடவில்லை. வடமொழியை வெளியே துரத்தவும் இல்லை; அது அங்கேயே இருந்தது. மெட்ராஸ் கவர்னரிடம் மனுக் கொடுத்துக் காத்திருக்கவில்லை. மேடையில் முழங்கவில்லை. பத்திரத்தை எடுத்துப் படித்து, அதில் எழுதியிருப்பது இதுதான், நடப்பது வேறு, இனிமேல் எழுதியிருப்பதுபோல நடக்கும் என்று உத்தரவு போட்டார்கள். இது முழுக்க முழுக்க ஒரு வக்கீலின் வேலை. கிராமத்து வக்கீலிடம் போனால் முதலில் என்ன கேட்பார்? "மூலப் பத்திரம் இருக்கா?" அதே கேள்விதான். அந்தக் கேள்வியைத் தன் கட்சிக்காரனுக்காகக் கேட்காமல், ஒரு ஜில்லாவின் பிள்ளைகளுக்காகக் கேட்டதுதான் அரசியல்.

மேட்டூர் அணையும் கல்லணைக் கால்வாயும் வருவதற்கு முன்னால் எங்கள் பேராவூரணிப் பக்கம் வானம் பார்த்த பூமி. ஏரித் தண்ணீர், இல்லாவிட்டால் கம்பும் கேழ்வரகும். 1934-இல் மேட்டூர் திறந்த பிறகு புது ஆறு என்று நாங்கள் சொல்லும் அந்தக் கால்வாயில் தண்ணீர் வந்து, சுமார் 148 கிலோமீட்டர் ஓடி, இரண்டேகால் லட்சம் ஏக்கருக்குப் பாய்ச்சல் கிடைத்தபோதுதான் நாங்கள் டெல்டாக்காரர்கள் ஆனோம், அதுவும் கடைமடைக்காரர்களாக. அப்படி நெல் நிச்சயமில்லாத ஊரில் பிறந்த பிள்ளைக்கு ஒரத்தநாட்டு விடுதியில் இரண்டு வேளைச் சோறும் பள்ளிக்கூடமும் கிடைப்பது என்றால் என்ன அர்த்தம் என்று இன்றைக்குச் சொன்னால் புரியாது.

அவர் மேல் சொல்ல வேண்டிய குறைகளும் உண்டு. அதையும் சொல்லாமல் விட்டால் இது இரங்கல் உரையாகிவிடும். பன்னீர்செல்வம் நிலக்கிழார். அவர் கட்சியின் தஞ்சைத் தலைவர்களும் பெரும்பாலும் மிராசுதார்கள், பண்ணையார்கள். கல்வியிலும் உத்தியோகத்திலும் சாதிக்கதவைத் தட்டித் திறந்தவர்கள், தங்கள் சொந்த வயலில் நின்ற பண்ணையாளின் கூலியைப் பற்றி வாய் திறக்கவில்லை. பண்ணையாளுக்குத் தண்டனையாகச் சாணிப்பாலும் சவுக்கடியும் நடந்த ஜில்லா இது. அந்த மனிதர்களுக்காகச் சிவப்புக் கொடி வர வேண்டியிருந்தது. 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது, அதுவும் பன்னீர்செல்வம் சட்டசபையில் எதிர்த்து நின்ற அதே ராஜாஜியின் ஆட்சியில். வரலாறு யாருக்கும் முழு மதிப்பெண் போடுவதில்லை. வெள்ளையர் ஆட்சியோடு கடைசிவரை ஒத்துப் போனவர் என்ற குற்றச்சாட்டும் உண்மைதான். அவர் தரப்பில் அதற்கு ஒரு காரணம் இருந்தது: ஆட்சி கையில் இருக்கும்போதே நம் பிள்ளைகளுக்கு இடம் வாங்கிவிட வேண்டும் என்பது. அந்தக் காரணம் எனக்குப் புரிகிறது. முழுதாக ஏற்க முடியவில்லை.

போர்டை விட்ட பிறகு அவர் வளர்ச்சி வேகமாக இருந்தது. 1931-இல் லண்டனில் நடந்த இரண்டாம் வட்டமேசை மாநாட்டில் இந்தியக் கிறிஸ்தவர்களின் பிரதிநிதிகளில் ஒருவர். காந்தியடிகள் கலந்துகொண்டது அந்த மாநாட்டில்தான். 1934-இல் சென்னை கவர்னரின் நிர்வாக சபையில் உள்துறை. 1937-இல் கூர்மா வெங்கட ரெட்டி நாயுடுவின் இடைக்கால மந்திரி சபையில் மூன்று மாதம் போல அமைச்சர்.

அந்த மந்திரி சபைக்குச் சற்று முன்னால் நடந்த 1937 தேர்தல் நீதிக்கட்சியைத் தரைமட்டமாக்கிய தேர்தல். 215 இடங்களில் காங்கிரஸ் 159. கட்சித் தலைவரான பொப்பிலி அரசரே தோற்றுப்போனார். ஜமீன்தார்கள் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நின்றவர்கள் சிலர்; அவர்களில் முக்கியமானவர் பன்னீர்செல்வம். எதிரே சேலத்து வக்கீல் ராஜாஜி, இந்தப் பக்கம் தஞ்சாவூர் பாரிஸ்டர்.

1938 ஏப்ரலில் 125 பள்ளிகளில் இந்தி கட்டாயம் என்று அரசு உத்தரவு போட்டது. நாடு கொந்தளித்தது. ஆகஸ்ட் 1-ஆம் தேதி திருச்சியிலிருந்து தமிழர் படை கால்நடையாகச் சென்னைக்குப் புறப்பட்டது. அதை நடத்திச் சென்றவர்களில் ஒருவர் எங்கள் பட்டுக்கோட்டை அழகிரிசாமி. மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் உடன் நடந்தார். 42 நாள் நடை. மறியல் செய்தவர்கள் மீது பாய்ந்தது கிரிமினல் சட்டத் திருத்தம், அதாவது காங்கிரஸ்காரர்களின் மறியலை ஒடுக்க வெள்ளைக்காரன் கொண்டுவந்த சட்டம். நேற்றுவரை அந்தச் சட்டத்தில் அடிபட்டவர்கள் இன்று அதே சட்டத்தை எடுத்துச் சுழற்றினார்கள். 1,198 பேர் கைதானார்கள். தண்டனை பெற்றவர்களில் 73 பெண்கள், 32 குழந்தைகள். சென்னைச் சிறைவாசத்தில் நடராசன் 1939 ஜனவரியில் இறந்தார். கும்பகோணத்துத் தாளமுத்து மார்ச்சில் இறந்தார்.

அந்த நாட்களின் ஒரு காட்சியைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1938 டிசம்பர் கடைசியில் சென்னையில் நீதிக்கட்சி மாநாடு. தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பெரியார் சிறையில். அவருடைய தலைமை உரையை மேடையில் வாசித்தவர் பன்னீர்செல்வம். பட்டமும் பதவியும் பண்ணையும் உள்ள ஒரு மனிதர், சிறைக்குள் இருக்கும் ஈரோட்டு வியாபாரியின் சொற்களைத் தன் குரலில் படித்தார். நீதிக்கட்சி மாளிகையிலிருந்து தெருவுக்கு இறங்கிய நாள் அதுதான் என்பேன். தமக்கு வந்த தலைமை வாய்ப்பைத் தள்ளிவைத்து, தெருவில் நின்று அடிவாங்கியவரிடம் கட்சியை ஒப்படைக்க ஒரு பாரிஸ்டருக்கு மனம் வந்தது. பிறகு நடந்தவை எல்லாம், 1944-இல் சேலத்தில் திராவிடர் கழகம், 1949-இல் தி.மு.க., 1967-இல் அதன் ஆட்சி எல்லாம், அந்தப் பாதையில் வந்தவைதான்.

1940 பிப்ரவரி 21-ஆம் தேதி கட்டாய இந்தி உத்தரவு விலக்கிக்கொள்ளப்பட்டது. அந்த நாட்களில்தான் பன்னீர்செல்வம் லண்டனுக்குப் புறப்பட்டார், பிரிட்டிஷ் அரசில் இந்தியாவுக்கான அமைச்சரின் ஆலோசகராகப் பதவி ஏற்க. போர்க்காலம். இம்பீரியல் ஏர்வேஸ் கம்பெனியின் 'ஹனிபல்' என்ற விமானம். மார்ச் 1-ஆம் தேதி ஓமன் வளைகுடாவுக்கு மேலே, ஷார்ஜாவை நோக்கிப் பறந்துகொண்டிருந்தபோது காணாமல் போனது. உள்ளே எட்டுப் பேர். தேடினார்கள். விமானமும் கிடைக்கவில்லை, யாருடைய உடலும் கிடைக்கவில்லை. உத்தரவு விலகி ஒன்பதே நாள்.

துக்கத்தை வெளியே காட்டாதவர் பெரியார். பெற்ற தாய், மனைவி மறைவுக்குக் கூடக் கலங்காத தான் இதற்குக் கலங்கியதாகக் குடி அரசு இதழில் எழுதினார். அவர் கலங்கியது ஒரு நண்பருக்காக மட்டும் இருக்காது. சட்டம் தெரிந்த, ஆட்சி நடத்தத் தெரிந்த, அதே நேரத்தில் தெருவில் நிற்பவனை மதிக்கத் தெரிந்த ஒரு ஆளை இயக்கம் இழந்துவிட்டது என்ற கலக்கமும் அதில் இருந்திருக்க வேண்டும்.

சரி, இதையெல்லாம் இப்போது ஏன் சொல்கிறேன்?

எங்கள் தெருக்கோடியில் வாய்க்கால் மேல் ஒரு சின்ன மதகு. ஒரு பக்கச் சுவர் சரிந்து, மழைக்காலத்தில் தேங்காய் ஏற்றிய டிராக்டர் திரும்ப முடியவில்லை. மூன்று வருடமாக மனுக் கொடுக்கிறேன். ஒரு அலுவலகத்தில் கடைசியாகச் சொன்ன பதில்: "நியாயம்தான் ஐயா. ஆனா நிதி மேலேருந்து வரணும்." சொன்னவர் மேல் தவறில்லை. அவர் மரியாதையாக நாற்காலி போட்டு உட்காரவைத்துத்தான் சொன்னார். ஒரு மதகுக்குச் சென்னையைப் பார்க்க வேண்டியிருக்கிற நாட்டில், ஒருகாலத்தில் ரயில் பாதையே சொந்தமாகப் போட்ட போர்டு இதே ஜில்லாவில் இருந்தது என்பதை நினைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக ஜில்லா போர்டுகள் போய், ஊராட்சி ஒன்றியங்கள் வந்தன. மிராசுதார் கையில் இருந்த போர்டு போனதில் நியாயம் இருந்தது. ஆனால் போர்டோடு சேர்ந்து அதன் அதிகாரமும் காசும் சென்னைக்குப் போய்விட்டன. 1992-இல் 73-ஆவது அரசியல் சாசனத் திருத்தம் வந்தது. 29 துறைகளை உள்ளாட்சிக்குக் கொடுக்கலாம் என்று பதினோராவது அட்டவணையில் பட்டியலே இருக்கிறது: சிறுபாசனம், சாலை, தொடக்கக் கல்வி, சுகாதாரம் என்று. 1994-இல் தமிழ்நாட்டுக்கு ஊராட்சிகள் சட்டம் வந்தது. மூலப் பத்திரம் நம் கையில் இருக்கிறது. படிக்கிற ஆள்தான் இல்லை. மாவட்ட ஊராட்சி என்ற அமைப்பு தீர்மானம் போட்டுப் பரிந்துரை அனுப்பும் இடமாக இருக்கிறது. எத்தனை பேருக்கு அதன் தலைவராக இருந்தவர் பெயர் தெரியும்?

அந்தக் குறைந்த அதிகாரத்துக்குக்கூட ஒழுங்காகத் தேர்தல் நடப்பதில்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து 2019 டிசம்பர் வரை மூன்று வருடத்துக்கு மேல் ஊராட்சிகளில் தேர்ந்தெடுத்த ஆள் இல்லை. நடுவில் 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வந்து, பேராவூரணி முழுக்கத் தென்னை வேரோடு சாய்ந்து கிடந்தபோது, எங்கள் ஊராட்சிகளுக்கு நாங்கள் ஓட்டுப்போட்ட தலைவர் ஒருவர்கூட இல்லை. யார் வீட்டில் எத்தனை மரம் போயிற்று என்று தெரிந்த ஆள் கணக்கெடுப்பில் இல்லாமல், வெளியிலிருந்து வந்தவர்கள் எண்ணினார்கள். 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு மறுபடியும் பதவிக்காலம் முடிந்து, மறுபடியும் தனி அலுவலர்கள் கைக்கு நிர்வாகம் போனது. இரண்டு முறையும் வேறு வேறு கட்சியின் ஆட்சி. பன்னீர்செல்வத்தின் படத்துக்கு மாலை போடும் உரிமை எங்களுக்குத்தான் என்பவர்களும் இதில் விலக்கில்லை. தண்ணீர் கடைமடைக்கு வந்து சேராவிட்டால் நாங்கள் ரோட்டில் உட்காருகிறோம். அதிகாரம் கடைமடைக்கு வராததற்கு யாரும் உட்காரவில்லை.

வக்கீல்கள் அரசியலுக்கு வருவது இன்றைக்கும் குறையவில்லை. கோர்ட்டு வளாகத்தில் கட்சிக்கொடி கட்டிய கார்கள் வரிசையாக நிற்கின்றன. எம்.எல்.ஏ. சீட்டுக்கு நேர்காணல் என்றால் முதல் வரிசையில் வக்கீல்கள்தான். அவர்களிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது, குறிப்பாகப் பட்டுக்கோட்டையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தத் தம்பியிடம். உங்கள் ஊர்ச் சத்திர நிலம் எவ்வளவு, இப்போது யார் அனுபவத்தில் இருக்கிறது? ஏரியின் எஃப்.எம்.பி. என்ற நில அளவை வரைபடத்தில் எத்தனை ஏக்கர், தரையில் எத்தனை? பள்ளிக்கூடத்துக்கென்று எழுதிவைத்த தர்மச் சொத்து எங்கே? இதற்கெல்லாம் எம்.எல்.ஏ. ஆக வேண்டியதில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவும், பத்திரப்பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்றுக்கு ஒரு மனுவும், ரெக்கார்டு ரூமில் ஒரு நாளும் போதும். பன்னீர்செல்வமும் உமாமகேசுவரனாரும் தொடங்கிய இடம் அதுதான்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். ஊராட்சித் தேர்தலை ஒருநாள்கூட இடைவெளி விழாமல் நடத்துங்கள். மாவட்ட ஊராட்சிக்குச் சொந்த வருமானமும் சொந்தப் பொறியாளரும் கொடுங்கள். ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரத்தைப் பழுதுபார்த்து முடிக்கும்போது, அதைக் கட்டிய அரசரின் பெயரோடு, அந்தத் தர்மத்தை எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்துவிட்ட போர்டுத் தலைவரின் பெயரையும் வாசலில் எழுதி வையுங்கள். அவருக்குக் கல்லறை கிடையாது.